‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்பது பாதி விடையே

நெஞ்சுவலியோடு வந்தவரிடம் ‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் கூறியதும் குடும்பமே நிம்மதி அடைகிறது. அந்த நிம்மதியோடு சிகிச்சையையும் பலர் முடித்துக்கொள்கின்றனர். வலி மீண்டும் வந்தால் வாயுப்பிடிப்பு என்று சோடா அருந்துகின்றனர்; மனப்பிரமை என்று வீட்டாரே கடிந்துகொள்வதும் உண்டு. இது முறையன்று.

வலி மெய்யானது, அதன் பிறப்பிடம் கழுத்தாக இருக்கலாம். கழுத்து முள்ளெலும்புகளிடையே புறப்படும் நரம்புகள் கைகளுக்கு மட்டுமன்றி மார்புத் தசைகளுக்கும் செல்கின்றன. குறிப்பாக, ஆறாவது, ஏழாவது நரம்புகளின் வேர் அழுத்தப்பட்டால் நெஞ்சே வலிப்பதாகத் தோன்றக்கூடும். கழுத்தைத் திருப்பும்போதும் நெடுநேரம் குனிந்திருந்த பின்பும் வலி மிகுவது இதன் ஓர் அடையாளம்.

போடியில் ஏலக்காய் ஏலமே கணினித் திரையில் நடைபெறும் காலம் இது. வங்கியிலும் வணிகக் கணக்கறையிலும் பணிபுரிவோர் நாள் முழுதும் திரையை நோக்கிக் குனிந்திருக்கின்றனர். தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. 60 பாகை குனிந்தால் கழுத்து தாங்கும் பளு ஏறத்தாழ 27 கிலோ என்று நியூயார்க் முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-இல் கணக்கிட்டார்.

மாத்திரை வலியைத் தணிக்கும். குனியும் வழக்கத்தை மாற்றாது. அதற்கு இயன்முறை சிகிச்சை வேண்டும். தாடையைப் பின்னோக்கி இழுத்தல், தோள்பட்டைகளைப் பின்புறம் சேர்த்தல், இறுகிய மார்புத் தசைகளைத் தளர்த்துதல் ஆகிய எளிய பயிற்சிகளை, இயன்முறை மருத்துவர் கற்பித்தவாறு, பல வாரங்கள் தொடர வேண்டும். வலி சற்றுக் குறைந்ததும் நிறுத்துவதே நாம் அடிக்கடி காணும் தவறு. திரையைக் கண்மட்டத்திற்கு உயர்த்துவதும், அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பதும் சிகிச்சையின் பகுதிகளே. முடிதிருத்தகத்தில் கழுத்தைத் திருகி நெட்டி முறிப்பது சிகிச்சையன்று; மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அதனால் கிழியக்கூடும். கை வலுவிழந்தாலோ நடை தடுமாறினாலோ உடனே மருத்துவரிடம் திரும்புங்கள்.

ஆயினும், வரிசை மாறலாகாது: முதலில் இதயம், பிறகே கழுத்து. கழுத்துவலி உள்ளவர்க்கும் மாரடைப்பு வரும். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை தோன்றினால் 108-ஐ அழையுங்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் மாத்திரைகளை வழங்கும் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023 முதல் நடைமுறையில் உள்ளது.

இதயம் நலம் என்று உறுதியான பின், ‘அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது?’ என்று தயங்காமல் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை.