கட்டி என்றதும் கலைக்கச் சொல்லாதீர்கள்



கருவில் இருக்கும் பிள்ளையின் வயிற்றில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தால் போதும், நம் வீடுகளில் மூன்று தீர்ப்புகள் தயார். "கிரகணத்தில் வெளியே போயிருப்பாள்." "கேன்சராக இருக்கும்." "கலைத்துவிடுங்கள்." முதல் இரண்டும் பொய். மூன்றாவது, விவரம் கேட்காத அவசரம்.

கரு வளரும்போது நிணநீர்க் குழாய்கள் சரியாக இணையாமல் நீர் தேங்கிப் பை போல ஆவதுதான் நிணநீர்க் கட்டி. அது புற்றுநோய் இல்லை. தாய் சாப்பிட்டதாலும் நடந்ததாலும் வருவதில்லை.

18-20 வார ஸ்கேனிலோ பிறகோ தெரிந்தால், அது நமக்குக் கிடைத்த அவகாசம். பிரசவத்துக்கு முன்பே குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரைப் பாருங்கள். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே அந்தத் துறை உண்டு. பிறந்தபின் கட்டியை அகற்றுவார்கள். குடலோடு ஒட்டியிருந்தால் அந்தப் பகுதியையும் எடுத்துவிட்டுக் குடலை இணைப்பார்கள். சில சிறிய கட்டிகளைக் கண்காணித்தாலே போதும். அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டு அத்தை அல்ல. "எண்ணெய் தடவினால் கரையும்" என்று நாள் கடத்தினால் குடல் முறுக்கிக்கொள்ளலாம், அடைத்துக்கொள்ளலாம்.

மருமகளைக் குறை சொல்லும் வாயால், "ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன் அம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அன்று தேவை அது ஒன்றுதான்.