சங்கிலி யார் கையில்?

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்ற ஓடிவந்த தாயும் கடிபட்டார். சிறுமிக்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. நாய்களின் உரிமையாளர் கைதுசெய்யப்பட்டார். அந்தச் சிறுமி பூங்காக் காவலாளியின் மகள். அந்தக் குடும்பம் குடியிருந்ததே பூங்காவுக்குள்தான். நாய்கள்தான் அவள் விளையாடும் இடத்துக்கு வந்தன. அவள் எந்த நாயையும் தேடிப் போகவில்லை.

அடுத்த ஆண்டு, 2025 ஆகஸ்டில், அதே நகரின் ஜாபர்கான்பேட்டையில் ஒருவர் பிட்புல் நாய் கடித்து உயிரிழந்தார். நாயை அடக்க முயன்ற அதன் உரிமையாளருக்கும் காயம் ஏற்பட்டது. வளர்த்தவர் சொல்லையே அந்த நாய் கேட்கவில்லை. இரண்டு சம்பவங்களிலும் கடித்தவை தெரு நாய்கள் அல்ல. பெயர் வைத்து, வேளைக்கு உணவு கொடுத்து, வீட்டுக்குள் வளர்க்கப்பட்டவை.

நாட்டில் நாய்கள் குறித்து நடக்கும் வாதம் அநேகமாக முழுவதும் தெரு நாய்களைப் பற்றியதாகவே இருக்கிறது. 2025 ஆகஸ்டில் தில்லித் தெரு நாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவிட்டது. சில நாள்களிலேயே அதைத் திருத்தியது. நவம்பரில் பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் ஆகியவற்றிலிருந்து தெரு நாய்களை அகற்றச் சொன்னது. ஒவ்வொரு கட்டத்திலும் தொலைக்காட்சிகளில் அனல் பறந்தது. தமிழ்நாட்டில் 2024-இல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. ரேபிஸ் நோய்க்கு 43 பேர் பலியாயினர். ஆகவே அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் வணிக வளாக வாசலில் தெரு நாயைக் கம்பால் விரட்டும் காவலாளி, காரிலிருந்து இறங்கும் நாய்க்கு அதே கையால் கதவைத் திறந்துவிடுகிறார். நாய்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்த்து அவர் அப்படிச் செய்யவில்லை. உடன் வருபவர் யார் என்பதைப் பார்த்துச் செய்கிறார்.

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் சில வணிக வளாகங்களும் காபிக் கடைகளும் நாயோடு வருவோரை வரவேற்கத் தொடங்கிவிட்டன. அழைப்பு இல்லாத இடங்களுக்கும் நாயைக் கூட்டிச் செல்லும் வழக்கம் பெருகிவருகிறது: மளிகைக் கடை, மருந்துக் கடை, துணிக்கடை, ஏடிஎம் அறை, அடுக்குமாடி மின்தூக்கி, கடற்கரை நடைபாதை. நாயைப் பிள்ளையாகவே கருதும் குடும்பங்கள் இன்று ஏராளம். அந்த அன்பைக் கேலி செய்வது எங்கள் நோக்கமன்று. கேள்வி அன்பைப் பற்றியதும் அல்ல. பொது இடத்துக்கு ஒரு விலங்கை அழைத்து வருபவர், அங்கே இருக்கும் மற்றவர்களுக்கு என்ன கடமைப்பட்டிருக்கிறார் என்பதே கேள்வி.

இதற்கு நாய் வளர்ப்போர் தரும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான்: “பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது.” சொல்பவர் அதை மனதார நம்புகிறார். தன் வீட்டில், தன் குழந்தைகளிடையே அந்த நாய் எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கூட்டத்தில், பழக்கமில்லாத வாடைகளுக்கு நடுவே, ஒரு குழந்தை திடீரென வீறிட்டு ஓடும்போது அது எப்படி நடந்துகொள்ளும் என்பது அவருக்கும் தெரியாது. எதிரே நிற்பவருக்கோ நாயையும் தெரியாது, நாய்க்காரரையும் தெரியாது. முன்பு கடிபட்டு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி போட்டுக்கொண்டவராக அவர் இருக்கலாம். ஒரு முறை இடறி விழுந்தால் இடுப்பெலும்பு முறிந்துவிடும் வயதினராக இருக்கலாம். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்கு முன் உடையைக் கழுவியாக வேண்டியவராக இருக்கலாம். காரணமே சொல்லத் தெரியாமல் வெறுமனே பயப்படுபவராகவும் இருக்கலாம். அதுவும் போதுமான காரணம்தான். நடைபாதையை விட்டுச் சாலையில் இறங்கி அவர் ஒதுங்கிப் போகும்போது, பொது இடத்தில் அவருக்கிருந்த பங்கு பறிக்கப்படுகிறது. யாரும் கடிபடாததால் அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவருடைய அச்சத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று எள்ளி நகையாடுவது அநாகரிகம்.

கடைகளின் நிலையைத் தனியே சொல்ல வேண்டும். உணவு தயாரிக்கும், விற்கும் இடங்களைப் பொறுத்தவரை வாதத்துக்கே இடமில்லை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு உரிம விதிமுறைகள், விலங்குகளையும் பறவைகளையும் செல்லப் பிராணிகளையும் உணவு வளாகங்களுக்குள் அனுமதிக்கக் கூடாது என்கின்றன. அரிசி மூட்டைகளுக்கும் காய்கறிக் கூடைகளுக்கும் நடுவே நாய் உலவுவதை அனுமதிக்கும் கடைக்காரர், ஒரு வாடிக்கையாளரின் முகம் கோணக் கூடாது என்பதற்காக நூறு பேரின் சுகாதாரத்தை விட்டுக்கொடுக்கிறார். மற்ற கடைகளில் அனுமதிப்பதும் மறுப்பதும் உரிமையாளரின் விருப்பம். ஆனால் அந்த முடிவை அவர் எடுத்து வாசலில் எழுதி வைக்க வேண்டும். எழுதி வைக்காவிட்டால் முடிவெடுக்கும் சுமை, தளத்தில் நிற்கும் விற்பனைப் பெண்ணின் தலையில் விழுகிறது. வேலை நேரத்தில் உட்கார்ந்துகொள்ள இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்ப்பவர், பட்டுப்புடவை எடுக்க வந்த குடும்பத்தைப் பார்த்து “நாயை வெளியே விட்டுவிட்டு வாருங்கள்” என்று சொல்வாரா? பயத்தை விழுங்கிக்கொண்டு, புன்னகையோடு புடவையை விரித்துக் காட்டுவார். அந்தப் புன்னகையைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது தவறு.

நாயின் தரப்பையும் யாராவது பேச வேண்டும். தீபாவளிக்கு முந்திய வாரம் தியாகராய நகரில் நடக்க மனிதர்களுக்கே மூச்சு முட்டுகிறது. பளபளக்கும் தரையில் கால் ஊன்ற முடியாமல், ஒலிபெருக்கியும் வெளிச்சமும் கூட்டமும் சூழ, நான்கு பக்கமும் நீளும் கைகளுக்கு நடுவே நிற்கும் நாய் எதை அனுபவிக்கிறது? சித்திரை வெயிலில் தார்ச்சாலை அதன் பாதங்களைப் பொசுக்குகிறது. கடைக்குள் விடாததால் கண்ணாடி ஏற்றிய காரில் பூட்டிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் கார் சில நிமிடங்களில் உலையாகிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடல் முழுக்க வியர்க்காது. அப்படிப் பூட்டிவிட்டுப் போவது, மறதி என்ற பெயரில் தப்பிக்கவிடக் கூடாத கொடுமை. துணைக்கு என்று சொல்லி அழைத்து வரப்படும் நாய்களில் பல, உண்மையில் பகட்டுக்காகவே அழைத்து வரப்படுகின்றன என்று நாங்கள் சந்தேகிக்கிறோம். வீட்டில் நிழலும் தண்ணீரும் இருக்கும்போது அதை ஏன் கூட்டி வந்தோம் என்று உரிமையாளர்கள் தங்களைக் கேட்டுக்கொள்ளட்டும்.

அதே வேளையில், எங்கள் இந்த வாதத்தை ஆயுதமாக ஏந்திக்கொண்டு அடுக்குமாடிச் சங்கங்கள் கிளம்பக் கூடாது. குடியிருப்போர் நாய் வளர்ப்பதைச் சங்கங்கள் தடைசெய்ய முடியாது, மின்தூக்கியைப் பயன்படுத்தத் தனிக் கட்டணம் கேட்கக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. பொதுக்குழுவில் கைதூக்கித் தீர்மானம் போட்டுவிட்டால் அது சட்டமாகிவிடும் என்று நினைக்கும் சங்கங்கள் பல. வயதான பெண்மணி ஒருவரைத் தன் கிழட்டு நாயோடு எட்டு மாடி படியிறங்க வைப்பது ஒழுங்குமுறை ஆகாது, அது வன்மம். நாய்க்கு நடை தேவை, வெளிக்காற்று தேவை. அதற்கென ஒதுக்கிய திடல்களோ நேரமோ நம் நகரங்களில் அநேகமாக இல்லை. இடம் தராத நகரம், இடம் தேடி அலைபவரை மட்டும் குற்றம் சொல்வது பாதி நியாயம்தான்.

நாயைப் பொது இடங்களுக்கு அழைத்துச் செல்வதில் மேலைநாடுகளைச் சுட்டிக்காட்டுவோர் உண்டு. ஜெர்மனியில் நாய் ரயிலில் ஏறுகிறது, உணவகத்தில் மேசைக்கடியில் படுத்திருக்கிறது என்பது உண்மையே. ஆனால் அதே ரயிலில் பெரிய நாய்க்குப் பயணச்சீட்டு எடுக்க வேண்டும், கயிறும் வாய்மூடியும் கட்டாயம். அங்கே நாய்க்கு வரி உண்டு. லோயர் சாக்சனி மாநிலத்தில், புதிதாக நாய் வளர்க்க வருபவர் 2013 முதல் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறியாக வேண்டும். நாயால் பிறருக்கு நேரும் சேதத்துக்குக் காப்பீடும் எடுக்க வேண்டும். அங்குள்ள சுதந்திரம் உரிமையாளர் தேர்வு எழுதிச் சம்பாதித்தது. சிங்கப்பூர் வேறு வழியில் சென்றது: அங்கு மெட்ரோ ரயிலில் வழிகாட்டி நாய்களைத் தவிர வேறு நாய்களுக்கு இடமில்லை. இரண்டு நாடுகளும் ஏதோ ஒன்றைத் தெளிவாக முடிவு செய்திருக்கின்றன. நாம் ஜெர்மனியின் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டு அதன் தேர்வை விட்டுவிட்டோம்.

பார்வையற்றோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் துணையாகப் பயிற்சி பெற்ற நாய்களை மேற்சொன்ன எதனோடும் சேர்க்கக் கூடாது. வழிகாட்டி நாய் அதன் உரிமையாளரின் கண். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. பொது இடங்கள் அனைவரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. நம் நாட்டில் அத்தகைய நாய்கள் மிகச் சிலவே என்பதால், வாசலில் நிற்கும் காவலாளிக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கற்றுக்கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. அமெரிக்காவில் சாதாரண வளர்ப்பு நாய்க்குச் சேவை நாயின் அங்கியை மாட்டிக் கடைக்குள் நுழைவோர் பெருகியதால், பல மாநிலங்கள் அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டியிருந்தது. அந்தப் பொய் முதலில் காயப்படுத்துவது உண்மையிலேயே நாயை நம்பி நடப்பவரை. இங்கே அது தொடங்கும் முன்பே தடுக்க வேண்டும்.

இனி நிர்வாகத்துக்கு வருவோம். சென்னையில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும், ரேபிஸ் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்பவை 2024-இல் பிறந்த விதிகள் அல்ல. ஆயிரம் விளக்கில் ஒரு குழந்தையின் தலை கிழிபட்ட பிறகுதான் பலருக்கும் உரிமம் என்று ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. கட்டணம் 50 ரூபாய்தான். பணம் யாரையும் தடுக்கவில்லை. 2025-இல் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கப்பட்டு, உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்தது. அறிவித்த கெடு ஒரு முறைக்கு மேல் நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டின் இறுதியில் ராட்வைலர், பிட்புல் இனங்களுக்குப் புதிய உரிமம் இல்லை என்றும் முடிவானது. இவை சரியான திசையிலான நடவடிக்கைகள். ஆனால் இனத்தைத் தடைசெய்வதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைத்தால், நாளை வேறொரு பெயரில் வேறொரு பெரிய நாய் அதே பூங்காவுக்குள் கயிறின்றி வரும். மாலையில் பூங்கா வாசலில் ஓர் அலுவலர் நின்று உரிமத்தைக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளும் தங்கள் ஊரில் ஒரு குழந்தை கடிபடட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. விலங்கை அலட்சியமாக வைத்திருப்பவருக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆவது பிரிவு தரும் அதிகபட்சத் தண்டனை ஆறு மாதச் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். முகத்தில் பல தையல்களோடு வளரப்போகும் குழந்தையின் குடும்பத்துக்கு இதில் ஒரு பைசா இல்லை. சிகிச்சைச் செலவும் இழப்பீடும் உரிமையாளரின் பொறுப்பு என்று உள்ளாட்சி விதிகளில் சேர்க்கப்பட வேண்டும். உரிமம் வழங்கும்போதே மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்க வேண்டும்; வாகனத்துக்கு நாம் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவதுதான் இது.

இறுதியாக, அதிகம் பேசப்படாத ஒன்று. அதிகாலையில் எந்த வசதியான தெருவிலும் நின்று பாருங்கள். நாற்பது கிலோ எடையுள்ள நாயை இழுத்துக்கொண்டு, பல நேரம் அதனால் இழுக்கப்பட்டு, போகிறவர் அதன் உரிமையாளர் அல்லர். வீட்டு வேலைக்கு வந்த பெண்ணோ, காவலாளியோ, பதினாறு வயதுப் பையனோ. நாயைக் கட்டுப்படுத்த அவர்களுக்கு யாரும் பயிற்சி தரவில்லை; மறுக்கும் இடத்திலும் அவர்கள் இல்லை. நாய் யாரையாவது கடித்தால் முதலில் அடி விழுவதும், காவல் நிலையத்துக்கு இழுக்கப்படுவதும் அவர்கள்தான். உரிமத்தில் யாருடைய பெயர் இருக்கிறதோ, அபராதச் சீட்டும் முதல் தகவல் அறிக்கையும் அவர் பெயரிலேயே எழுதப்பட வேண்டும். நாயை அடக்கும் வலுவும் பயிற்சியும் இல்லாதவர் கையில் சங்கிலியைக் கொடுத்து அனுப்பியதைத் தனிக் குற்றமாகச் சேர்க்க வேண்டும்.