பழைய ஐஸ் பெட்டியும் பத்து மணிப் பதனீரும்

விடியற்காலையில் பனையிலிருந்து இறங்கும் கலயத்தில் இருப்பது பதனீர். சுண்ணாம்பு போதாமல் அதே கலயம் வெயிலில் நின்றுவிட்டால், மத்தியானத்துக்குள் அதில் இருப்பது கள். பதனீரை விற்றால் வருமானம். கள்ளை வைத்திருந்தால் வழக்கு. இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரமும் சில டிகிரி வெப்பமும்தான்.

வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரத்தில் வரப்பில் பனை வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இந்தச் சில மணி நேரமே பிரச்னை. விற்பனைக்கு இடமில்லை என்று சொல்ல முடியாது. கடலூர் - விருத்தாசலம் சாலையும் பண்ருட்டி - சேத்தியாத்தோப்பு சாலையும் வடலூரில்தான் சந்திக்கின்றன. தைப்பூசத்துக்கும் மாதப் பூசத்துக்கும் ஜனங்கள் கூடும் ஊர். பக்கத்திலேயே நெய்வேலி நகரியம். வாங்கிக் குடிக்க ஆள் உண்டு. ஆனால் அந்த ஆள் தாகத்தோடு வருவது பகல் பன்னிரண்டு மணிக்கு. பதனீரோ பத்து மணிக்கே நுரைக்கத் தொடங்குகிறது.

பனையை விட்டுவிடுவதற்கு முன் விவசாயிகள் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு வழி, பலரும் காயலான் கடைக்குத் தள்ளிவிடும் பழைய ஐஸ் பெட்டியில் இருக்கிறது.

பீர் பெட்டி கற்றுத் தரும் பாடம்

இங்கிலாந்தில் 1963லும், அமெரிக்காவில் 1978ல் கையெழுத்தான சட்டத்தின் மூலமும், வீட்டு உபயோகத்துக்குப் பீர் காய்ச்சிக்கொள்ள வழி பிறந்தது. அங்கே இந்தப் பொழுதுபோக்கு உள்ளவர்கள் பழைய பிரீசரையும் பிரிட்ஜையும் மலிவாக வாங்கி, பீர் பீப்பாய் வைக்கும் பெட்டியாக மாற்றிக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் மது தயாரிப்பது குற்றம். கள்ளுக்கும் 1987 தொடக்கத்திலிருந்து தடை இருக்கிறது. ஆகவே பீர் இங்கே வேண்டாம். பெட்டியை மாற்றும் முறை மட்டும் வேண்டும்.

அந்த முறை மிகவும் எளிது. மேலே திறக்கும் பெட்டி பிரீசர், தானாக ஓடினால் பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி வரை போய் எல்லாவற்றையும் கட்டியாக்கிவிடும். இதைத் தடுக்க, பெட்டிக்கு வெளியே ஒரு தெர்மோஸ்டாட் வைக்கிறார்கள். பெட்டியின் பிளக்கை அதில் செருகி, அதன் உணர்கம்பியைப் பெட்டிக்குள் விடுகிறார்கள். 4 டிகிரி என்று வைத்தால், உள்ளே 4 டிகிரி வந்ததும் மின்சாரம் நிற்கும். வெப்பம் ஏறினால் மறுபடி வரும். கம்பியை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் வைப்பது நல்லது. இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸர் ஓடத் தொடங்கும். நின்ற கம்ப்ரஸர் உடனே மறுபடி ஓடினால் பழுதாகும். நாலைந்து நிமிஷ இடைவெளி கொடுக்கும் அமைப்புள்ள தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்க வேண்டும்.

கதவுள்ள பிரிட்ஜை விட மேலே திறக்கும் பெட்டியே சிறந்தது. குளிர்ந்த காற்று கனமானது. பிரிட்ஜின் கதவைத் திறந்தால் அது காலடியில் கொட்டிவிடும். பெட்டியில் அப்படியே அடியில் தங்கும்.

குழாய் பொருத்துவதற்குப் பெட்டியின் பக்கச் சுவரில் துளை போடவே கூடாது. பல பெட்டிகளில் வாயு ஓடும் குழாய்கள் பக்கத் தகட்டுக்குள்ளேயே மறைந்திருக்கின்றன. ஒரு துளை தவறிப் பட்டால் வாயு வெளியேறிப் பெட்டி வெறும் தகரமாகிவிடும். புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கும் ஐசோபியூட்டேன் தீப்பற்றும் வாயு என்பதால் ஆபத்தும் உண்டு. பீர்க்காரர்கள் இதற்கு ஒரு உபாயம் கண்டிருக்கிறார்கள். மூடியைக் கழற்றி, பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு மரச்சட்டத்தைப் பொருத்தி, அந்த மரத்தில் துளை போட்டுக் குழாயை மாட்டுகிறார்கள். ஊர்த் தச்சரால் ஒரு நாளில் முடியும் வேலை. பதனீருக்கு அந்தச் சிரமமும் வேண்டியதில்லை. குழாய் வைத்த எவர்சில்வர் பானையை வெளியே வைத்து, பெட்டியிலுள்ள கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டால் போதும்.

பெட்டி குளிரைக் காக்கும், அவசரத்துக்குக் குளிர வைக்காது

பீருக்கும் பதனீருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பீர் ஏற்கெனவே புளித்து முடிந்த சரக்கு. ஒரு நாள் முழுவதும் மெதுவாகக் குளிர்ந்தாலும் கெடாது. பதனீர் அப்படியல்ல. இறக்கிய 20 லிட்டர் பதனீரைக் கேனோடு பழைய பெட்டிக்குள் வைத்தால், நடுப்பகுதி குளிர்வதற்குப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் புளித்துவிடும். பெட்டி வாங்கியும் பயனில்லை என்று அலுத்துக்கொள்வதில்தான் அது முடியும்.

கணக்கைப் பார்க்கலாம். 30 டிகிரியிலுள்ள 20 லிட்டரை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 500 கிலோ கலோரி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோ கலோரி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. அதாவது பதனீருக்கு மட்டும் ஆறேகால் கிலோ ஐஸ் தேவை. தொட்டித் தண்ணீரையும் வெளி வெப்பத்தையும் சேர்த்தால் 10 கிலோவுக்குக் குறையாமல் வேண்டும்.

ஆகவே பெட்டிக்கு இரண்டு வேலை கொடுக்க வேண்டும். இரவில் தெர்மோஸ்டாட்டை விலக்கி, பெட்டியைத் தன் போக்கில் ஓடவிட்டு, முக்கால் அளவு தண்ணீர் நிரப்பிய பாட்டில்களை ஐஸாகக் கட்ட வேண்டும். காலையில் ஒரு தொட்டியில் தண்ணீர் விட்டு, ஐஸ் பாட்டில்களைப் போட்டு, வடிகட்டிய பதனீர்க் கேனை அதில் இறக்கி, சுத்தமான கரண்டியால் அவ்வப்போது கலக்கிவிட வேண்டும். காற்றை விடத் தண்ணீர் வெப்பத்தை விரைவாக இழுக்கும். குளிர்ந்த பின் கேனைப் பெட்டிக்கு மாற்றி, தெர்மோஸ்டாட்டை 4 டிகிரியில் வைக்க வேண்டும். மிச்சமுள்ள ஐஸ் பாட்டில்களும் பெட்டிக்குள்ளேயே இருந்தால் மின்சாரம் போனாலும் சமாளிக்கலாம்.

தன் பெட்டி ஒரு இரவில் எத்தனை கிலோ ஐஸ் கட்டுகிறது என்பதை விவசாயி முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். அதற்கு மேற்பட்ட பதனீரை நம்பி விற்பனைக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது. மீனுக்காகக் கட்டும் ஐஸை விலைக்கு வாங்கினால், அது கேனுக்கு வெளியே மட்டுமே இருக்க வேண்டும். பதனீரில் படக் கூடாது.

சுண்ணாம்பை விட்டுவிடக் கூடாது

குளிர் இருக்கிறதே என்று சுண்ணாம்பைக் குறைத்துவிடும் எண்ணம் சிலருக்கு வரும். அது தவறு. பாளையிலிருந்து சொட்டும் நேரத்திலேயே ஈஸ்ட் கிருமி கலயத்தில் சேர்ந்துவிடுகிறது. மரத்தின் மேலே அதைத் தடுப்பது கலயத்தில் பூசிய சுண்ணாம்பு. கீழே இறங்கிய பின் தடுப்பது குளிர். ஒன்று செய்யும் வேலையை மற்றது செய்யாது. சுண்ணாம்பு இல்லாத நீரா வேறு. தென்னை நீராவுக்கு 2017ல் தமிழக அரசு விதிகளோடு அனுமதி அளித்தது. காசர்கோட்டிலுள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம், பாளையோடு பொருத்தும் ஐஸ் பெட்டியொன்றை உருவாக்கி, மரத்திலேயே குளிர வைத்து நீராவை இறக்கிக் காட்டியிருக்கிறது. அதைச் செய்ய நினைப்பவர் அனுமதி பெற்றுத்தான் செய்ய வேண்டும். பதனீர் விற்பவரும் உரிய அனுமதிக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பது நல்லது.

சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும். எனவே அலுமினியக் கேன் ஆகாது, எவர்சில்வர் வேண்டும். குழாயும் மூடியும் தினமும் வெந்நீரில் கழுவப்பட வேண்டும். நேற்றைய பதனீர் ஒரு சொட்டு குழாயில் தங்கினால், இன்றைய 20 லிட்டருக்கும் அது உறை ஊற்றிவிடும்.

பெட்டி வாங்குமுன்

மூடியின் ரப்பர் பட்டையில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். காகிதம் தாராளமாக வந்தால் குளிரும் அப்படியே வெளியே வரும். ஒரு முழு நாள் ஓடவிட்டு, மீட்டரில் எத்தனை யூனிட் ஆகிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். சும்மா கிடைத்த பெட்டி மின்சாரத்தில் புதிய பெட்டியின் விலையைத் தின்றுவிடலாம். எர்த் இணைப்பு இல்லாமல் ஈரமான கொட்டகையில் பெட்டியை ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. பம்பு செட்டுக்குக் கொடுத்துள்ள இலவச மின்சாரத்தில் இதை இணைப்பது சட்டப்படி தவறு.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இன்னொரு கவனம் அவசியம். வெளியே கொக்கி விழும் பழைய பிரிட்ஜ்களுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சு முட்டி இறந்ததால், அமெரிக்காவில் உள்ளிருந்தே திறக்கும்படிதான் கதவு இருக்க வேண்டும் என்று 1956ல் சட்டமே கொண்டுவந்தார்கள். பழைய பெட்டியில் பூட்டோ கொக்கியோ இருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிவிட வேண்டும். ஓடாத பெட்டியை மூடியோடு தோட்டத்தில் போட்டு வைக்கவே கூடாது.

கருப்பட்டி போதாதா?

பதனீர் மிஞ்சினால் காய்ச்சிவிடலாமே, இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதனீர் வேண்டும். அத்தனை தண்ணீரையும் ஆவியாக்க விறகு வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் அடுப்புக்கு முன்னால் பல மணி நேரம் நிற்பது வீட்டுப் பெண்கள். அந்த விறகுக்கும் உழைப்புக்கும் கணக்கெழுதினால் கருப்பட்டியின் லாபம் பல வீடுகளில் சுருங்கிவிடும். பெட்டி இருந்தால், விற்றது போக மிஞ்சியதை மாலையில் காய்ச்சலாம். பத்து மணிக்கே பதறிக்கொண்டு அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. எதை விற்பது, எதைக் காய்ச்சுவது என்று முடிவு செய்யும் அவகாசமே பெட்டி தரும் பெரிய லாபம்.

அதே சமயம், நாலு பனை வைத்திருக்கும் ஒருவர் தனியாகப் பெட்டி வாங்கினால் நஷ்டமே வரும். ஒரே தெருவில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டி வைத்து, அவரவர் லிட்டருக்கு ஏற்ப மின் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்வதே கட்டுப்படியாகும்.

பருவம் முடிந்த பிறகும் பெட்டி சும்மா இருக்க வேண்டியதில்லை. தெர்மோஸ்டாட்டை 12, 13 டிகிரியில் வைத்தால் கத்தரி, வெண்டை ஓரிரு நாள் வாடாமல் சந்தைக்குக் காத்திருக்கும். இவற்றை 4 டிகிரியில் வைத்தால் குளிரே கெடுத்துவிடும். நன்கு காய்ந்த காய்கறி விதைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வைக்கலாம். சேமிப்பில் 5 டிகிரி குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது விதை நூலில் உள்ள பொது விதி.

அரசு செய்ய வேண்டியது

பனை 1978லிருந்து தமிழ்நாட்டின் மாநில மரம். 2021ல் சட்டசபையில் வைத்த முதல் வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்குவதாக அறிவித்தார்கள். கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் சொன்னார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இன்று போட்ட விதை பாளை விடுவதற்குப் பன்னிரண்டு, பதினைந்து வருஷம் ஆகும். அதுவரை, இன்று நிற்கும் பனையில் ஏறுபவர் யார்? பத்து மணிக்கு மேல் விலை போகாத சரக்குக்காகப் பனையேறியின் மகன் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏற மாட்டார். ஏற ஆளில்லாத பனைக்கு வெட்டத் தடை மட்டும் போட்டு என்ன பயன்?

பால் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கொடுத்த குளிர்விக்கும் தொட்டி, கிராமத்துப் பால் தூரத்து நகரங்களுக்குக் கெடாமல் போய்ச் சேர உதவுகிறது. பதனீருக்கும் அதே நியாயம் உண்டு. பனை உள்ள கிராமத்துக்கு ஒரு சிறு குளிர்பெட்டியும், ஐஸ் கட்ட ஒரு வசதியும், பதனீர் புளித்ததா என்று நியாயமாகச் சோதிக்க ஒரு முறையும் வேண்டும். கன்று கொடுக்கும் செலவில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கினால் போதும்.

நிலக்கரியிலிருந்து நாட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் நெய்வேலிக்கு அருகிலேயே, பதனீர் வெயிலில் புளித்துக் கீழே கொட்டப்படுவது நியாயமல்ல. அரசு வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. வருகிற பருவத்துக்கு முன்பாக நாலு குடும்பங்கள் கூடிப் பேசி, காயலான் கடைக்குப் போகவிருக்கும் ஒரு நல்ல பெட்டியைத் தேடிப் பிடித்து, ஒரு மாதம் ஓட்டிக் கணக்கெழுதிப் பார்க்கட்டும். அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேளாண் அலுவலகத்துக்குப் போனால், வெறும் மனுவை விட அதற்கு மதிப்பு அதிகம்.