எண்ணாத கரையில் கல் போடாதீர்கள்

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் ‘லிமுலஸ், வாழும் தொல்லுயிர்’ என்று ஒரு வரி வரும். பாறசாலைப் பக்கத்துப் பள்ளியில் ஓய்வு பெறும்வரை அந்த வரியை வருடம் தவறாமல் நடத்தினேன். தேர்வில் ஒரு மதிப்பெண், அதோடு சரி. பொழியூர்க் கடற்கரைப் பையன் ஒருவன் மட்டும் ஒரு தடவை எழுந்து, “சாரே, இது நம்ம கடல்ல கிட்டுமா?” என்று கேட்டான்.

கிட்டாது. அவன் வீட்டுக் கரமடியில் நெத்தோலி வரும், சாளை வரும், லிமுலஸ் போன்ற குதிரைலாட நண்டு வராது. ஆனால் அந்த வரியைப் படிக்கும் பிள்ளை, இந்தியாவிலேயே அது இல்லை என்றுதான் நினைக்கும். லிமுலஸ் அமெரிக்கக் கிழக்குக் கரையின் பிராணி. ஆனால் உலகத்தில் எஞ்சியிருக்கும் நான்கு குதிரைலாட நண்டு இனங்களில் இரண்டு நம் நாட்டில் இருக்கின்றன. ஒன்று ஒடிசாவின் பாலசோர் பக்கத்து மணற்கரைகளில் முட்டையிடுகிறது. மற்றொன்று சுந்தரவனம், பித்தர்கனிகா போன்ற அலையாத்திக் காட்டுச் சேற்றில். இதையும் அந்த வரியோடு சேர்த்திருந்தால் புத்தகம் ஒன்றும் கனத்துவிடாது.

பெயரில் நண்டு இருந்தாலும் சிலந்திக்கும் தேளுக்கும்தான் இது உறவு. ரத்தம் நீலம். பாக்டீரியா நச்சு பட்டால் அந்த ரத்தம் உறைந்துவிடும். அதை வைத்துத்தான் ஊசி மருந்துகளையும் தடுப்பூசிகளையும் சோதிக்கிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1977இலேயே இதற்கு அனுமதி தந்தது. இப்போது ஆய்வகத்தில் செய்த மாற்றுப் பொருளை அமெரிக்க மருந்துத் தர நூலும் 2025 மே முதல் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ரத்தத்துக்காகப் பிடிப்பது குறைய வழி பிறந்துவிட்டது. முட்டையிடும் மணல் போய்விட்டால் அதற்கு எந்த ஆய்வகம் மாற்று செய்து தரும்?

அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய பெரிய கடலேற்றத்தில், பெண் நண்டு முதுகில் ஆணைச் சுமந்துகொண்டு கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிடும். சரிவு, மணலின் பருமன், ஈரம் எல்லாம் ஒத்துவர வேண்டும். முட்டையிலிருந்து வந்த குஞ்சு பருவத்துக்கு வரவே பத்தாண்டு போல ஆகும். இன்றைக்குக் கெட்ட கரையின் கணக்கு பத்து வருடம் கழித்துத்தான் நமக்குத் தெரியவரும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2009இல் இந்த இரண்டு இனங்களும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இரண்டுக்கும் நேரே எழுதியிருப்பது ‘போதிய தரவு இல்லை’ என்பது. கிழக்காசிய இனத்துக்கு 2019இல் ‘அழியும் அபாயம்’ என்ற நிலை கிடைத்தது, எண்ணிப் பார்த்ததால். நம்முடையதை யாரும் தொடர்ந்து எண்ணவில்லை. 2024 ஆகஸ்டில் பாலசோரை அடுத்த பலராமகடியில் இந்திய விலங்கியல் ஆய்வகம் 12 நண்டுகளுக்கு அடையாளத் தகடு பொருத்தியது. நல்ல காரியம்தான். ஆனால் 12!

அதே ஒடிசா, பங்குனி ஆமைக்குச் செய்திருப்பதைப் பாருங்கள். ககிர்மாதா 1997 முதல் கடல் சரணாலயம். தாமரா, தேவி, ருசிகுல்யா முகத்துவாரங்களில் நவம்பர் முதல் மே வரை மீன்பிடித் தடை. ஆமை அழகு, படத்துக்கு எடுப்பாக இருக்கும். வலையில் சிக்கிய குதிரைலாட நண்டைக் கரையில் வீசிவிட்டுப் போனால் கேட்க ஆளில்லை.

இங்கே உட்கார்ந்துகொண்டு ஒடிசாவைப் பற்றி எனக்கென்ன என்று கேட்கலாம். மணல் போவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். பூவார் பொழிக்குத் தெற்கே கேரளத்தின் பொழியூர், தெற்குக் கொல்லங்கோடு, அதைத் தாண்டினால் தமிழ்நாட்டு நீரோடி. ஒரே கரை. நீரோடிப் பக்கம் தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்பு போட்ட பிறகுதான் எங்கள் வீடுகளைக் கடல் கொண்டுபோனது என்கிறார்கள் பொழியூர்க்காரர்கள். இரண்டு அரசுகளும் தத்தம் எல்லைவரைதான் கரையைப் பார்க்கின்றன, கடலோ மணலை எல்லைக்கு எல்லை கடத்திக்கொண்டே இருக்கிறது. பாலசோர்க் கரையும் வடக்கே போய் வங்கத்தின் திகாவில் முட்டுகிறது. அங்கும் இரண்டு அரசு, ஒரே மணல், திகாவில் நீண்ட கல்சுவர். சுவர் நிற்கும் இடத்தில் எந்த நண்டு எங்கே தோண்டும்?

எண்ணுவது பெரிய வித்தையும் இல்லை. அமெரிக்காவின் டெலாவேர் வளைகுடாவில் 1999 முதல் ஒரே முறையில் எண்ணுகிறார்கள். மே, ஜூன் அமாவாசை, பௌர்ணமி இரவுகளில், ஏற்ற நேரத்தில், தன்னார்வலர்கள் ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைக் கரைக்கு நூறு இடத்தில் வைத்து உள்ளே கிடக்கும் நண்டுகளை எண்ணிக் குறிக்கிறார்கள். விளக்கும் சட்டமும் நோட்டும் போதும்.

பாலசோரில் அதைச் செய்ய மீனவரைவிடத் தகுந்தவர் யார்? எந்த ஏற்றத்துக்கு எந்தக் கரையில் நண்டு ஏறும் என்பது அவர்களுக்குத் தெரியும். இலவசமாகக் கேட்கக் கூடாது, இரவுக்கூலி கொடுக்க வேண்டும். வலையில் வந்ததை உயிரோடு கடலில் விட்டால் அதற்கும் ஏதாவது கொடுக்கலாம். ஒடிசா, வங்க வனத்துறைகள் இரண்டும் ஒரே படிவத்தில், ஒரே இரவுகளில் எண்ணி, கரைவாரியாக வருடாவருடம் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு கையில் வரும்வரை திகாவிலிருந்து தாமரா வரை எந்தக் கல்சுவருக்கும் டெண்டர் விடக் கூடாது.