செத்தால்தான் நஷ்டமா?

வெள்ளரி இலையின் அடிப்பக்கத்தில் ஒரு யுத்தம் நடக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத யுத்தம்!

ஒரு பக்கம், இலையின் சாற்றை உறிஞ்சும் சிலந்திப்பேன். இதற்கு எட்டுக் கால். சிலந்தியைப் போல இதுவும் நூல் விடும். இது மொய்த்தால் இலை வெளிறும், செடி வாடும், விளைச்சல் குறையும்.

மறு பக்கம், அதைப் பிடித்துத் தின்னும் வேட்டைப்பேன். இதன் நீளம் அரை மில்லி மீட்டர்தான். ஆனால் மகா சூரன்! செடியைக் கடிக்காது. சிலந்திப்பேனையும் அதன் முட்டைகளையும் தேடித் தேடித் தின்னும்.

புட்டியில் வரும் காவலாளி

இந்த வேட்டைப்பேன், 1950-களில் சிலி நாட்டு ஆர்க்கிட் பூச்செடிகளோடு ஜெர்மனிக்கு வந்தது. 1967-ம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டு வெள்ளரி விவசாயி யான் கோப்பெர்ட், மருந்துக்குப் பதிலாக இதைத் தம் கண்ணாடிக் குடிலில் விட்டார். இன்று பல நாடுகளில் இதைப் புட்டியில் அடைத்து விற்கிறார்கள்.

ஆனால், செடிக்குச் சிலந்திப்பேன் மட்டுமா எதிரி? அசுவினி உண்டு, வெள்ளை ஈ உண்டு. அவற்றுக்காக மருந்து அடிக்கிறார்கள். அதில் கொஞ்சம் இலையில் தங்கிவிடுகிறது.

அந்தச் சொற்ப மருந்தால் வேட்டைப்பேன் சாகாமல் இருக்கலாம். உடனே, "இந்த மருந்தால் ஆபத்து இல்லை" என்று சொல்லிவிடலாமா? கூடாது!

சில மருந்துகள் பட்டால், உயிரோடு இருக்கும் வேட்டைப்பேனும் முட்டையைக் குறைத்துவிடும். சில மருந்துகள் பட்டால் சரியாக இரை தின்னாது. மருந்து பட்ட இலையை விட்டே ஓடிவிடுவதும் உண்டு.

கணக்குப் பாருங்கள்

உதாரணமாக, 100 தாய்ப்பேன்கள் ஆளுக்கு 50 முட்டை இட்டால் 5,000 குஞ்சுகள். பத்துப் பத்தாகக் குறைந்தால் 1,000 தான். ஒரு தாய்கூடச் சாகவில்லை. ஆனால் படை ஐந்தில் ஒன்றாகிவிட்டது!

எதிரியோ சும்மா இருப்பதில்லை. இமிடாகுளோபிரிட் என்ற மருந்து பட்ட சிலந்திப்பேன் அதிக முட்டை இட்டதாக, அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2002-ல் எழுதினார்கள். வேறு சோதனைகளில் அப்படி நேராததும் உண்டு. ஆனாலும் எச்சரிக்கை வேண்டும்.

அப்படியானால் மருந்தே கூடாதா? அப்படி அல்ல. வேட்டைப்பேனுக்கு அதிகம் கெடுதல் செய்யாத மருந்துகளும் இருக்கின்றன. அடித்து எத்தனை நாள் கழித்துப் பேனை விடலாம் என்பதுதான் கேள்வி.

செத்த பேனை மட்டும் எண்ணாமல், இட்ட முட்டையையும் எண்ணிப் பார்க்கும் சோதனை முறை இருக்கிறது. அந்தக் கணக்கு ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. மருந்து டப்பாவின் மேல், எளிய எழுத்தில் அச்சாக வேண்டும். காசு கொடுத்துக் காவலாளியை வாங்குகிற விவசாயிக்கு அதைத் தெரிந்துகொள்ள உரிமை உண்டு.

"காவல் நாயைக் கொல்லவில்லை, பல்லை மட்டும் பிடுங்கினேன்" என்றால், திருடன் பயப்படுவானா?