அரிக்கமேட்டுக்கு மெட்டல் டிடெக்டர் கொண்டு போகலாமா? அனுமதி யாரிடம் வாங்குவது?

ஆன்லைன் ஷாப்பிங் தளம் எதிலாவது 'மெட்டல் டிடெக்டர்' என்று தேடிப் பாருங்கள். சில ஆயிரம் ரூபாய் இருந்தால் போதும், வீட்டு வாசலுக்கே வந்துவிடும். யூடியூபைத் திறந்தால் இங்கிலாந்தின் வயல்களில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். 'பீப்' சத்தம் கேட்கிறது, மண்ணைக் கிளறுகிறார்கள், உள்ளங்கையில் ஒரு ரோமானிய நாணயம். பார்க்கும் யாருக்கும் கை துறுதுறுக்கத்தான் செய்யும்.

புதுச்சேரிக்காரர்களுக்கு அடுத்த கேள்வி தானாகவே வரும். ரோமானிய வணிகத்தின் தடயம் கிடைத்த அரிக்கமேடு நம்ம ஊரிலேயே இருக்கே! நகரத்திலிருந்து தெற்கே நான்கு கிலோமீட்டர்தான். ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போய்த் தேடிப் பார்த்தால் என்ன?

சுருக்கமான பதில்: முடியாது. பொழுதுபோக்குக்காகத் தேடித் தோண்டும் தனிநபருக்கென்று சட்டத்தில் ஓர் அனுமதியே இல்லை. அப்படி இல்லாததும் சரிதான். ஆனால், தற்செயலாக ஒரு பழம்பொருளைக் கண்டெடுத்து, நேர்மையாக அரசிடம் ஒப்படைக்க வருபவரை அதே சட்டம் நடத்தும் விதம் சரியில்லை. அதை மாற்றாமல் தோண்டுபவர்களை மட்டும் தடுப்பது பாதி வேலைதான்.

அரிக்கமேட்டில் அப்படி என்ன இருக்கிறது?

அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் இருக்கும் பழைய துறைமுக ஊர் இது. 'பெரிப்ளஸ்' என்ற கிரேக்கக் கடல் வழிக் குறிப்பேடு சொல்லும் 'பொதுகே' இந்த இடமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

இங்கே மண்ணைக் கிளறுவது இன்று நேற்று தொடங்கியதல்ல. வீராம்பட்டினம் பக்கம் மக்கள் பழைய செங்கற்களைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று 1734-லேயே பிரெஞ்சு நிர்வாகத்தின் கடிதம் பேசுகிறது. 1937-ல் புதுச்சேரியில் பேராசிரியராக இருந்த ழூவோ துப்ரேய், உள்ளூர்ச் சிறுவர்களிடமிருந்து சில பழம்பொருட்களைக் காசு கொடுத்து வாங்கினார். அதில் ஒரு மனிதத் தலை செதுக்கிய சின்னக் கல்லும் இருந்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸின் உருவம் என்று அடையாளம் சொல்லப்பட்டது. அரிக்கமேடு உலகின் கண்ணில் பட்டது அப்படித்தான்.

1940-களின் தொடக்கத்தில் முறையான பயிற்சி இல்லாதவர்கள் அங்கங்கே தோண்டினார்கள். 1945-ல்தான் மார்ட்டிமர் வீலர் வந்தார். அவர் பிரிட்டிஷ் இந்தியாவின் தொல்லியல் துறைத் தலைவர். புதுச்சேரியோ பிரெஞ்சு மண். அவ்வளவு பெரிய அதிகாரிக்கே இங்கே மண்வெட்டி வைக்க பிரெஞ்சு நிர்வாகத்தின் சம்மதம் தேவைப்பட்டது. அவருக்குப் பிறகு 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசால் தோண்டினார். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அகழாய்வு நடத்தின.

சட்டம் என்ன சொல்கிறது?

அரிக்கமேடு இப்போது மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. இதற்குப் பொருந்துவது 1958-ம் ஆண்டின் தொன்மைச் சின்னங்கள், தொல்லியல் இடங்கள் சட்டம்.

அந்தச் சட்டத்தின் 19-வது பிரிவின்படி, பாதுகாக்கப்பட்ட பகுதியில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் யாரும் தோண்டக் கூடாது. நிலத்தின் சொந்தக்காரரே ஆனாலும் இதுதான் விதி. மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது 2010-ல் கடுமையாக்கப்பட்ட தண்டனை.

'நான் தோண்டப் போவதில்லை, சும்மா டிடெக்டரை வைத்துப் பார்க்கத்தான் போறேன்' என்று ஒருவர் சொல்லலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் 'பீப்' கேட்ட பிறகு குனிந்து பார்க்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. குனிந்து மண்ணைக் கிளறும் அந்த நிமிஷத்தில் அது குற்றமாகிவிடுகிறது.

அப்போ லைசென்ஸ் யாருக்குத்தான் கிடைக்கும்?

இதற்கு வழி இருக்கிறது. 1959-ம் ஆண்டு விதிகளின்படி, அகழாய்வு உரிமம் கேட்டு இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநருக்கு விண்ணப்பிக்க வேண்டும். வேலை தொடங்கும் தேதிக்குக் குறைந்தது 3 மாதம் முன்பே அந்த விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். தோண்டப் போகிற குழுவின் தலைவருக்குத் தகுதி இருக்கிறதா, போதுமான ஆட்கள் இருக்கிறார்களா என்றெல்லாம் பார்த்த பிறகே உரிமம். நடைமுறையில் பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும்தான் இந்த வாசலில் நுழைய முடியும். மாநில அரசுகூட, பாதுகாக்கப்படாத இடத்தில் அகழாய்வு செய்ய வேண்டுமானால் முதலில் மத்திய அரசின் ஒப்புதலைப் பெற வேண்டும். கீழடியில் தமிழக அரசு தோண்டுவதும் இந்த ஒப்புதலோடுதான்.

ஒரு நாணயத்தை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

நியாயமான கேள்வி. பதிலும் அரிக்கமேட்டிலேயே இருக்கிறது.

இத்தாலியில் செய்யப்பட்ட 'அரிட்டைன்' என்ற சிவப்பு மட்கலத்தின் உடைசல்கள் வீலருக்கு இங்கே கிடைத்தன. அவை எந்தக் காலத்தவை என்று ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரியும். அந்த ஓடுகள் கிடைத்த அதே மண் அடுக்கில் உள்ளூர்ப் பானை ஓடுகளும் இருந்தன. அப்படியானால் இரண்டும் ஏறக்குறைய ஒரே காலம். இந்தக் கணக்கை வைத்துத்தான் தென்னிந்தியாவின் பல ஊர்களுக்கு முதன்முதலாகக் காலம் குறிக்க முடிந்தது. கெட்டிக்காரத்தனம் எல்லாம் ஓட்டில் இல்லை, அது எந்த அடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில் இருந்தது.

பிறகு வந்த பெக்லி, வீலரின் முடிவுகள் சிலவற்றைத் திருத்தினார். ரோமானிய வணிகத்துக்கு முன்பே இங்கே மக்கள் குடியிருந்தார்கள் என்று காட்டினார். வீலர் அடுக்கு அடுக்காகக் குறித்து வைத்திருந்ததால்தான் அந்தத் திருத்தமே சாத்தியமானது. இதற்கு நேர்மாறாக, சிறுவர்கள் விற்ற அந்த அகஸ்டஸ் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது எந்த அடுக்கில் இருந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்று யாராலும் இனி சொல்ல முடியாது. அழகான பொருள்தான். ஆனால் அது சொல்லியிருக்க வேண்டிய கதையில் பாதி போய்விட்டது.

இன்னொரு விஷயமும் உண்டு. அரிக்கமேட்டின் பெருமை தங்கத்திலோ வெள்ளியிலோ இல்லை. ஒயினும் எண்ணெயும் வந்த ஆம்போரா சாடிகளின் துண்டுகள், பானை ஓடுகள், இங்கேயே செய்து கடல் தாண்டிப் போன கண்ணாடி மணிகள், கல் மணிகள். இவற்றில் எதற்கும் மெட்டல் டிடெக்டர் சத்தம் போடாது. துருப்பிடித்த ஆணிக்கும் சோடா மூடிக்கும் கத்தும். அதை எடுக்கப் போடும் குழி, அதற்கு மேலே இருக்கும் ஓடுகளையும் மணிகளையும் கலைத்துவிடும். அதாவது, முக்கியமானதை உடைத்துவிட்டு முக்கியமில்லாததை எடுக்கும் கருவி இது.

நம்ம வீட்டுத் தோட்டத்தில் தோண்டினால்?

பாதுகாக்கப்பட்ட பகுதி இல்லாத தனியார் நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சம்மதம் கிடைத்துவிட்டால் கிடைப்பதெல்லாம் நமக்கே என்று நினைத்துவிடக் கூடாது.

1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து, கோட்டையையும் நகரையும் இடித்துத் தள்ளினார்கள். இன்றைய நகரம் அந்த இடிபாட்டின் மேல் எழுந்தது. போர்வெல் போடும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ பிரெஞ்சுக் காலக் காசு ஒன்று மேலே வருவதில் ஆச்சரியம் இல்லை. அப்படி வந்தால் இரண்டு சட்டங்கள் குறுக்கே வரும்.

ஒன்று, 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம். 100 ஆண்டுகளுக்குக் குறையாத நாணயம், சிற்பம் போன்றவை எல்லாம் இதன்படி தொல்பொருள். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனிநபர் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அனுப்பினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

இரண்டாவது, 1878-ம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம். மண்ணுக்குள் மறைந்திருந்த, மதிப்புள்ள எதுவும் புதையல்தான். மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று சொல்ல வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. ஆம், 10 ரூபாய். 1878-ல் போட்ட அந்தத் தொகை இன்றும் அப்படியே இருக்கிறது. ஒரு டீக்கே அது போதாது.

எடைக்கு எடை, மேலே ஐந்தில் ஒரு பங்கு

பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. உரிமை கோரி யாரும் வராவிட்டால், கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நில உரிமையாளருக்கு ஒரு பங்கு என்கிறது புதையல் சட்டம். கேட்க தாராளமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பொருளை அரசே எடுத்துக்கொள்ள முடிவு செய்தால், 16-வது பிரிவின்படி தர வேண்டியது அது செய்யப்பட்ட மூலப்பொருளின் மதிப்பும், அதில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே.

செம்புக் காசு என்றால் செம்பின் விலை. வெண்கலச் சிலை என்றால் வெண்கலத்தின் எடை. அரிக்கமேட்டுக் கண்ணாடி மணி என்றால்? கண்ணாடிக்கு என்ன விலையோ அது. வரலாற்று மதிப்பு என்று ஒன்று அந்தக் கணக்கில் எங்குமே இல்லை.

மறுபக்கம், கள்ளச் சந்தையில் வாங்குபவர் வரலாற்றுக்குத்தான் விலை கொடுக்கிறார். ஒழுங்காகக் கொடுத்தால் பழைய இரும்புக் கடை விலை, ஒளித்து விற்றால் நல்ல விலை என்ற நிலையை சட்டமே உருவாக்கி வைத்திருக்கிறது. அதையும் மீறித்தான் நம் ஊர்களில் மக்கள் ஒப்படைத்து வருகிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற செப்புத் திருமேனிகளில் பல, இப்படி மண்ணிலிருந்து கிடைத்துப் புதையலாக வந்து சேர்ந்தவை. அவர்களின் நேர்மைக்கு 140 ஆண்டுகளுக்கும் மேலாக நாம் கொடுத்து வருவது உலோகத்தின் விலை.

மற்ற நாடுகளில் எப்படி?

யூடியூபில் பார்க்கும் இங்கிலாந்திலும் இஷ்டத்துக்குத் தோண்ட முடியாது. நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அரசு பாதுகாக்கும் தொல்லியல் இடங்களில் தனி அனுமதி இல்லாமல் டிடெக்டரை இயக்குவதே குற்றம். ஆனால் அறிவித்தவருக்குக் கிடைப்பது சந்தை மதிப்பு. 2009-ல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் தங்கப் புதையலுக்கு சுமார் 33 லட்சம் பவுண்டு மதிப்பிடப்பட்டது. கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். புதையல் அளவுக்குப் போகாத சாதாரணக் கண்டெடுப்புகளையும் பதிவு செய்ய அங்கே தனித் திட்டம் இருக்கிறது. அதில் இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் பதிவாகியுள்ளன. மறைப்பவர்களையும் அங்கே விடுவதில்லை. ஹெரிஃபோர்ட்ஷயரில் கிடைத்த வைக்கிங் காலப் புதையலை மறைத்து விற்ற இருவருக்கு 2019-ல் நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது.

ஒரு காலத்தில் புதுச்சேரியை ஆண்ட பிரான்ஸ் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. வரலாற்றுப் பொருட்களைத் தேடும் நோக்கத்தில் மெட்டல் டிடெக்டர் பயன்படுத்த முன் அனுமதி கட்டாயம் என்று 1989-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். விண்ணப்பிப்பவரின் தகுதி, தேடலின் நோக்கம், முறை எல்லாவற்றையும் பார்த்தே அனுமதி. நம் சட்டத்திலோ இந்தக் கருவியின் பெயரே இல்லை.

செய்ய வேண்டியது என்ன?

தடை தொடர வேண்டும். கருவி மலிவாகிவிட்ட காலத்தில், பிரான்ஸைப் போல டிடெக்டரைப் பெயர் சொல்லியே விதியில் சேர்ப்பது நல்லது.

கூடவே, கண்டெடுத்தவருக்கு ஒரு கதவும் திறக்க வேண்டும். புதுச்சேரி சின்ன ஊர், இதைத் தொடங்க வசதியான ஊர். செயின்ட் லூயிஸ் வீதியில் அருங்காட்சியகம் இருக்கிறது, அரிக்கமேட்டுப் பொருட்கள் அங்கேயே காட்சிக்கு உள்ளன. அங்கே ஒரு கவுன்ட்டர், ஒரு வாட்ஸ்அப் எண். போட்டோவும் லொகேஷனும் அனுப்பினால் ஒரு ரசீது. பொருள் முக்கியமானது என்றால் நியாயமான தொகை, கண்டெடுத்தவரின் பெயரோடு காட்சிப் பலகை. இதில் பெரும்பகுதிக்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். எடைக்கு எடை கணக்கை மாற்ற மட்டும் 1878 சட்டத்தைத் திருத்த வேண்டும்.

அதுவரை, வழியில் எதையாவது பார்த்தால்? தொடாமல், கிளறாமல் போட்டோ எடுங்கள். பக்கத்தில் அளவுக்கு ஒரு பேனா வைத்தால் போதும். லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் இன்ஸ்டாவில் போடாதீர்கள். மறுநாளே மண்வெட்டியோடு ஆள் வந்துவிடும். ஆட்சியர் அலுவலகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ எழுத்தில் தெரிவித்து, கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு அரிக்கும் மேடு என்பது அரிக்கமேடு என்ற பெயருக்குச் சொல்லப்படும் பொருள்களில் ஒன்று. மழை பெய்து மேல்மண் கரைந்தால் மணிகள் தானாகவே கண்ணில் படும் இடம் அது. அங்கே பழம்பொருள் எடுக்க டிடெக்டரே வேண்டாம், குனிந்தால் போதும். அப்படிக் குனிந்து எடுக்கும் ஒரு சிறுவன் அதை யாரிடம் கொண்டு போவான்? 1937-ல் காசு கொடுத்து வாங்க ஒரு பேராசிரியராவது இருந்தார். இன்று அவனுக்குச் சொல்ல ஒரு முகவரி வேண்டும்.