படைக்குப் பிள்ளையை அனுப்பிய பெற்றோருக்கு

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஒரு மனிதர் வந்தார். ஹிஜ்ரத் செய்து தங்களோடு இணைந்துகொள்ள உறுதிமொழி அளிப்பதற்காக வந்திருப்பதாகத் தெரிவித்தார். தாம் புறப்பட்ட வேளையில் தம் தாயும் தந்தையும் அழுதுகொண்டிருந்தார்கள் என்பதையும் அவர் மறைக்கவில்லை. பெருமானார் அவரைத் திரும்பிச் செல்லுமாறு பணித்தார்கள். பெற்றோரை அழச்செய்தவரே போய் அவர்களைச் சிரிக்கச் செய்யவேண்டும் என்று அறிவுறுத்தி அனுப்பினார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அறிவிக்கும் இந்நிகழ்ச்சி அபூதாவூதின் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது.

வாசகர்களே, இந்நிகழ்ச்சியில் ஒன்றைக் கவனியுங்கள். மார்க்கத்திற்காக வீடு துறந்து வந்தவரின் பெற்றோர் அழுதார்கள். அதைக் கேட்ட அண்ணலார், அப்பெற்றோருக்கு ஈமான் போதாது என்று சொல்லவில்லை. பொறுமை இல்லை என்றும் கடியவில்லை. அந்த அழுகையை மகன் தீர்க்கவேண்டிய ஒரு கடனாகவே கணக்கில் வைத்தார்கள். பிள்ளையைப் பிரிந்து அழும் தாயைப் பார்த்து, "இவ்வளவுதானா உங்கள் தவக்குல்?" என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்கள் இந்த நபிமொழியை ஒருமுறை படித்துவிட்டு வரவேண்டும்.

இன்று இதை எழுதக் காரணம் உண்டு. இராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் நூற்பாலை, பேண்டேஜ் துணி நெசவு, தையல், சிறுவணிகம் ஆகியவற்றை நம்பி வாழும் குடும்பங்கள் மிகுதி. அக்குடும்பங்களில் பள்ளிப் படிப்பை முடித்த இளைஞனுக்குப் படைப்பணி ஒரு திறந்த கதவாகத் தெரிவதில் வியப்பில்லை. 2022ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மைய அரசு அறிவித்த அக்னிபத் திட்டம் பதினேழரை வயதிலேயே அக்கதவைத் திறந்துவைத்தது. பயிற்சியையும் சேர்த்து நான்காண்டுப் பணி. அதன் முடிவில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரையே நிலையாகப் பணியில் கொள்ளப்படுவர். எஞ்சியோர் சேவா நிதி எனும் தொகையைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பவேண்டும்.

பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை சேர்வதாயின், சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பமிடவேண்டும் என்பது அத்திட்டத்தின் விதி. பதினெட்டைத் தாண்டிவிட்டால் அரசு அக்கையொப்பத்தைக் கேட்பதில்லை. மார்க்கமோ அப்போதும் கேட்கிறது. அறப்போருக்குச் செல்ல அனுமதி வேண்டி வந்த மற்றொருவரிடம், பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்றே நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் வினவினார்கள். இருக்கிறார்கள் என்றதும், அவர்களுக்குத் தொண்டு செய்வதிலேயே பாடுபடுமாறு கூறிவிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காணப்படும் செய்தி இது. வயது எத்தனை என்று அவரிடம் கேட்கப்படவில்லை. ஆகவே இருபது வயது மகனும் தாயின் மனம் ஒப்பியபின் புறப்படுவதே முறை. நண்பர்களோடு ஆள்சேர்ப்பு முகாமுக்குச் சென்று, எல்லாம் முடிந்தபின் வீட்டில் செய்தி சொல்லும் வழக்கத்தை நான் ஏற்பதற்கில்லை.

ஒப்புதல் தந்துவிட்டார்கள், பிள்ளையும் புறப்பட்டுவிட்டான் என வைத்துக்கொள்வோம். நிலப்படையின் மதராஸ் ரெஜிமெண்டுக்குத் தேர்வானவன் நீலகிரியில் குன்னூரை அடுத்த வெலிங்டனிலுள்ள பயிற்சி நிலையத்திற்குச் செல்கிறான். 1758ஆம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் பழம்பெரும் படைப்பிரிவு அது. கடற்படைக்குத் தேர்வானவன் ஒடிசா மாநிலத்தின் சில்காவுக்குச் செல்கிறான். அவனை ஏற்றிச் செல்லும் பொதிகை விரைவு வண்டி மக்ரிபுக்குப் பின் இராசபாளையத்தைக் கடந்து திருவில்லிபுத்தூர் வழியே சென்னை நோக்கிப் போகிறது. சில்காவில் 2023 மார்ச்சில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீரர் அணியில் பெண்களும் இருந்தனர் என்பதால், மகளை அனுப்பிய பெற்றோரையும் இங்கே சேர்த்தே நினைக்கவேண்டும்.

வண்டி போனபின் வீட்டில் நிகழ்வது என்ன? அதைத் திருமறை நமக்கு முன்பே சொல்லியிருக்கிறது. மூஸா (அலை) அவர்களின் அன்னையை நினைவுகூருங்கள். குழந்தையை ஆற்றில் விடுமாறு உள்ளுணர்த்தியவன் இறைவன். திரும்பத் தருவதாக வாக்களித்தவனும் அவனே. அந்த வாக்கு கையிலிருந்தும் அவ்வன்னையின் உள்ளம் வெறுமையாகிவிட்டது என்று அல்கஸஸ் அத்தியாயத்தின் பத்தாம் வசனம் குறிப்பிடுகிறது. இறைவன் அவருடைய உள்ளத்தை உறுதிப்படுத்தியிராவிட்டால் உண்மையை வெளியிட்டே இருப்பார் என்றும் அவ்வசனம் கூறுகிறது. நேரடி வாக்குறுதி பெற்ற தாய்க்கே இந்நிலை என்றால், எந்த வாக்குறுதியும் இல்லாமல் ஓர் அடையாளச் சீட்டையும் தகரப் பெட்டியையும் கொடுத்தனுப்பிய நம் ஊர்த் தாய்க்குச் சோறு இறங்கவில்லை என்பதில் என்ன குற்றம் காண்பது? அவன் படுத்த பாயைச் சுருட்ட மனமின்றி இரண்டு நாள் அப்படியே விட்டிருக்கிறாள் என்றால் விட்டுவிடுங்கள்.

அடுத்த வசனமோ இன்னும் நுட்பமானது. அந்த அன்னை அழுதுகொண்டே அமர்ந்துவிடவில்லை. தம் மகளை அழைத்து, தம்பியைப் பின்தொடர்ந்து சென்று பார்க்குமாறு அனுப்பினார். அந்தப் பெண்ணும் பிறர் அறியாவண்ணம் தொலைவில் நின்று கவனித்து வந்தாள். நலம் விசாரித்தறிதல் இறைநம்பிக்கைக்கு எதிரானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் அச்சகோதரி தொலைவிலிருந்தே பார்த்தாள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். பயிற்சிக் காலத்தில் கைப்பேசி எந்நேரமும் பிள்ளையின் கையில் இருப்பதில்லை. அனுமதித்த நேரத்தில் மட்டுமே அவன் பேச இயலும். மணி ஒலிக்கவில்லை என்பதற்காக அதிகாரிகளையும் அறிமுகமானவர்களையும் ஓயாது அழைத்துக்கொண்டிருந்தால், அவன் தன் தோழர்களுக்கு முன் நாணும் நிலை உண்டாகும்.

தந்தையரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் அழமாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டோம் போலும். இப்ராஹீம் (அலை) அவர்கள் தம் துணைவியார் ஹாஜர் அம்மையாரையும் கைக்குழந்தை இஸ்மாயீலையும் மக்காவின் வறண்ட பள்ளத்தாக்கில் விட்டுத் திரும்பிய நிகழ்ச்சி புகாரியில் விரிவாக வருகிறது. அம்மையார் பின்னாலேயே வந்து மீண்டும் மீண்டும் வினவினார்கள். அவர்களோ திரும்பிப் பார்க்கவில்லை. இது இறைவனின் ஆணையா என்று கேட்டபோது மட்டும் ஆம் என்றார்கள். அப்படியாயின் அவன் எங்களைக் கைவிடமாட்டான் என்று அம்மையார் திரும்பிவிட்டார்கள். பின்னர் இப்ராஹீம் (அலை) அவர்கள் நடந்து, குடும்பத்தாரின் கண்ணுக்கு மறையும் மலைக் கணவாயை அடைந்ததும், இறையில்லம் இருந்த திசை நோக்கித் திரும்பி இரு கைகளையும் ஏந்தினார்கள். அங்கே அவர்கள் கேட்ட துஆவே இப்ராஹீம் அத்தியாயத்தின் முப்பத்தேழாம் வசனத்தில் இருக்கிறது. பார்க்கும் தொலைவில் ஏந்தாத கைகளைக் கணவாய்க்கு அப்பால் ஏந்திய அத்தந்தையை எண்ணிப் பாருங்கள். நடைமேடையில் கல்லைப் போல நின்றுவிட்டு, இரயில் மறைந்தபின் பள்ளிவாசலின் கடைசி வரிசையில் போய் அமர்ந்து நெடுநேரம் எழாமலிருக்கும் அத்தாமார் அந்த வழியில் வந்தவர்கள்தாம்.

இனி, ஞாயிற்றுக்கிழமை அவன் பேசுகிறான் என்று கொள்வோம். அவனிடம் என்ன சொல்வது? யாகூப் (அலை) அவர்கள் யூசுபை நினைத்து நினைத்துக் கண்ணொளி இழந்தார்கள். இப்படியே நினைத்துக்கொண்டிருந்தால் அழிந்துபோவீர்கள் என்று மற்றப் பிள்ளைகள் சலித்துக்கொண்டனர். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் விடையளித்தார்கள். இந்த வேறுபாட்டைப் பெற்றோர் கைக்கொண்டால் போதும். முறையீடு தஹஜ்ஜுத் நேரத்துக்கு உரியது. அம்மாவுக்கு இரத்தக்கொதிப்பு கூடிவிட்டது, நீ போனதிலிருந்து வீடு வீடாக இல்லை என்ற சொற்கள், அதிகாலை எழுந்து நீலகிரிக் குளிரில் ஓடிவிட்டு வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு உரியவையல்ல. தங்கைக்குக் கணக்குப் பாடத்தில் கிடைத்த மதிப்பெண், மேற்கு மலையில் மழை பிடித்த செய்தி, பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தைக்குச் சூட்டிய பெயர், இவற்றைச் சொல்லுங்கள். வீடு பழையபடியே நடக்கிறது என்று தெரிந்தால் அவனும் அங்கே நிம்மதியாக உறங்குவான்.

தொழுகையும் நோன்பும் என்னாகுமோ என்ற கவலை நம் பெற்றோருக்குத் தனியே உண்டு. நம் இராணுவத்தில் மற்றச் சமயப் போதகர்களைப் போல மௌலவிகளும் சமய ஆசிரியர்களாக நியமனம் பெறுகிறார்கள். பயிற்சி முடிவில் வீரர் அவரவர் திருநூலின் முன்னிலையில் உறுதிமொழி ஏற்பது மரபு. எல்லாம் நம் விருப்பப்படியே இருக்கும் என்று சொல்வதும் நேர்மையாகாது. தாடி வைத்துக்கொள்ளக் கோரிய விமானப்படை வீரரின் வழக்கில், 2016ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் படைவிதியையே உறுதி செய்தது. இவற்றையெல்லாம் கையொப்பமிடும் முன்பே அறிந்திருத்தல் நலம். கஸ்ர், களா பற்றிய சட்டங்களில் ஷாபியீ, ஹனபீ மத்ஹபுகளுக்கிடையே தங்கும் நாட்களின் கணக்கு வேறுபடுவதால், ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவாக எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

ஜமாஅத்தார்க்கும் ஒரு சொல். வளைகுடா நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பிய வீட்டில் போய், "ஏன் அனுப்பினீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை, விசா எவ்வளவு, சம்பளம் எவ்வளவு என்றே கேட்கிறோம். படைக்கு அனுப்பிய வீட்டில் மட்டும் அக்கேள்வி எழுகிறது. மறுபுறம், மேடையேறும் சிலர் 1948இல் காஷ்மீரில் உயிர்நீத்த பிரிகேடியர் உஸ்மானையும், 1965இல் கேம்கரன் களத்தில் வீழ்ந்து பரம்வீர் சக்கரம் பெற்ற அப்துல் ஹமீதையும் எடுத்துரைத்து அத்தாய்க்கு ஆறுதல் கூறிவிட்டதாக எண்ணுகிறார்கள். இருவரும் போற்றுதற்குரியோர், அப்துல் ஹமீது நம் ஊர்களில் பலரைப் போல ஒரு தையற்காரரின் மகன். ஆனால் இவ்விரு பெயர்களும் எப்படி முடிந்த வாழ்க்கையின் பெயர்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? அதைக் கேட்டபின் அவள் உறக்கம் இன்னும் குறைகிறது. அவளுக்கு வேண்டியது சொற்பொழிவன்று. அஸருக்குப் பின் வந்து அரைமணி நேரம் உடன் அமர்ந்திருக்கும் இரண்டு பெண்கள்.

இராசபாளையத்தில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் பதினோராம் அணி இருக்கிறது. அங்கே பணியாற்றும் வெளியூர்க் காவலர்களைத் தேநீர்க் கடையில் காண்கிறோம். அவர்களும் எங்கோ ஒரு தாயைப் பிரிந்து வந்தவர்களே. அவர்களோடு இரண்டு நல்ல வார்த்தை பேசினால், நம் பிள்ளையோடும் அங்கே யாரேனும் பேசுவார்கள்.

நான்காண்டு முடிந்து திரும்பப்போகும் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றி ஜமாஅத்துகள் இப்போதே சிந்திக்கவேண்டும். அதற்கு முன்பாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பயிற்சி நிறைவு அணிவகுப்பைக் காணப் பெற்றோர்க்கு அழைப்பு வரும். மதுரைக்கு அப்பால் சென்றறியாத தாய்மார் பலர்; வழிச்செலவுக்கே தயங்கும் தந்தையர் சிலர். விவரமறிந்த இளைஞர் ஒருவரை அவர்களுடன் அனுப்புங்கள். வெலிங்டனுக்காயின் கம்பளிச் சால்வை இரண்டு வாங்கிக் கொடுங்கள்; நம் பருத்திச் சேலை அந்தக் குளிரைத் தாங்காது. மகனுக்கென்று வாங்கும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை மட்டும், வாயிலில் உள்ளே விடுவார்களா என்று அவனிடமே கேட்டுக்கொண்டு எடுத்துச் செல்லுங்கள்.